சாமான் அறையில் ஏழு பலகைகள்: நம் கோவில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இங்கே மொரீஷியஸில் நம் கோவில் மண்டபத்தின் கிழக்குச் சுவரில் இருந்த, பெயர்கள் எழுதிய ஏழு மரப்பலகைகளையும் யாரையும் கேட்காமல் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தொடுதிரையை மாட்டியிருக்கிறீர்கள். திறப்பு விழாவுக்கு நானும் வந்திருந்தேன், எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன். பலகைகள் வண்ணம் பூசப் போயிருக்கின்றன, வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவை சுவருக்குத் திரும்பப் போவதில்லை என்பது போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. செயலாளரிடம் இரண்டு முறை நேரில் பேசினேன். "பார்க்கலாம் மிஸ்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கோவிலுக்கு வாரம் தவறாமல் வரும் ஒரு அக்கா இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. பூஜை முடிந்ததும் கிழக்குச் சுவருக்குப் போய், மூன்றாவது பலகையில் ஐந்தாவது வரியை விரலால் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். அது அவருடைய தம்பியின் பெயர். 1962-ல் தமிழ்த் தேர்வில் முதல் பரிசு வாங்கிய பையன், மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய புகைப்படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. நீல எனாமல் பெயின்டில் வெள்ளை எழுத்தாக எழுதிய அந்த ஒரு வரிதான் மிச்சம். அதிலும் 'ழ'வின் சுழி மட்டும் பல வருஷமாக விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும். எழுதியவர் லாரிகளுக்குப் பெயர் எழுதும் நம் ஊர்க்காரர், எழுத்துக்கு எழுத்து அடிக்கோல் வைத்து எழுதியிருப்பார்.

அன்று அக்கா சுவருக்குப் போனார். பலகை இல்லை, கண்ணாடி இருந்தது. "இதிலேயே இருக்கும் அக்கா, தேடித் தருகிறேன்" என்று தைரியமாகச் சொன்னேன். தேடும் கட்டத்தைத் தொட்டால் ரோமன் எழுத்து விசைப்பலகை மட்டும் வருகிறது, தமிழ் இல்லை. சரி என்று அந்தப் பையனின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் எழுதிய மாதிரி ஒரு தடவை, பிறப்புச் சான்றிதழில் இருக்கிற மாதிரி ஒரு தடவை, தோட்டத்துக் கணக்கில் எழுதியிருந்த மாதிரி ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் முடிவு எதுவும் இல்லை என்று பிரெஞ்சில் வந்தது. அக்காவுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "பேரை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். பழக்கத்தில் அவர் கை கண்ணாடியில் பட்டது, உடனே ஒரு கடையின் விளம்பரம் திரை முழுக்க விரிந்தது.

அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் பதில் இல்லை.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, திரையில் இருக்கும் எல்லாப் பக்கங்களையும் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 46. அதில் 21 பக்கம் நன்கொடையாளர்களும் அவர்களுடைய கடைகளும். 9 பக்கம் இப்போதைய குழுவினர், மாலை போட்டுக்கொண்ட அமைச்சர்களோடு. எச்.எஸ்.சி. என்ற மேல்நிலைத் தேர்வில் லோரியா ஆன, அதாவது முன்னணியில் வந்து அரசு உதவித்தொகை வாங்கிய, நம் பிள்ளைகளுக்கு 6 பக்கம். அது நியாயம், அவர்கள் பெருமை நம் பெருமைதான். தைப்பூசக் காவடிப் படங்கள் 8. வரலாறு என்று 2 பக்கம். எல்லாவற்றையும் சேர்த்துப் பெண்களின் பெயர்கள் மூன்றுதான் இருக்கின்றன. அன்னதானத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வந்து காய் நறுக்கி, ஏழு கறியும் சமைத்து, வாழை இலையில் நானூறு பேருக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடும் பெண்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. கோவில் வராந்தாவில் சம்பளம் வாங்காமல் 31 வருஷம் மாலை வகுப்பு எடுத்த என் அம்மாவின் பெயரும் இல்லை. அம்மாவின் பெயர் பலகைகளிலும் இருந்ததில்லை. அதனால் பழசெல்லாம் நல்லது என்று நான் வாதாட வரவில்லை.

இருக்கிற கொஞ்சத் தமிழும் உடைந்து கிடக்கிறது. காவடிப் பக்கத்தில் 'கொடியேற்றம்' என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டங்கள். முதல் வகுப்புப் பிள்ளை அப்படி எழுதினால் கையைப் பிடித்துத் திருத்துவேன். யூனிகோடு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் எல்லார் கைபேசியிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, தமிழில் தட்டச்சும் செய்ய முடிகிறது. கோவில் திரையில் மட்டும் முடியாது என்றால், கேட்கவேண்டியதை யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

1998-ல் நம் நாட்டின் புது ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்தபோது நாம் சும்மா இருந்தோமா? இந்தக் குழுவில் இருக்கும் இரண்டு பேர் அன்று என்னோடு நின்றவர்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டது, 1999-ல் பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டது. ஒரு நாட்டின் பணத்தில் நம் எழுத்துக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்கியவர்கள் நாம். நம் கோவில் சுவரில் நாமே அதைக் கைவிட்டிருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இப்போது பலகைகள் எங்கே இருக்கின்றன என்று உங்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்? சமையல் கொட்டகைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில், பெரிய அண்டாக்களுக்கும் பழைய காவடிக் கட்டைகளுக்கும் நடுவில், சிமென்ட் தரையில் சாய்த்து வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்த அன்று, இதே அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அரிசி மூட்டைகளை மேலே தூக்கி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. நாலாவது பலகையின் அடிக்கட்டையில் கரையான் மண் ஏறிவிட்டது, விரலால் தட்டினேன், உதிர்ந்தது. 1960-ல் கரோல் புயலில் கோவில் கூரையே பறந்தபோது முதல் பலகை சுவரை விட்டு அசையவில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். கரோலுக்குத் தப்பிய பலகை நம் சாமான் அறைக்குத் தப்பவில்லை என்று நாளைக்கு யாரும் எழுதும்படி ஆகிவிடக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுக்கூட்டத்தில் இந்தத் திட்டம் வந்தபோது கை தூக்கியவள் நான், ஓய்வூதியத்திலிருந்து 2,000 ரூபாய் கொடுத்தவளும்கூட. பலகையில் இடம் தீர்ந்ததால் 1987-க்கு அப்புறம் ஒரு பெயரும் எழுதப்படவில்லை. திரைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு பெயரைத் தொட்டால் அவர் யார், எந்தத் தோட்டத்துக் குடும்பம், என்ன செய்தார், அவர் குரல் எப்படி இருந்தது என்று எல்லாம் வரும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் கை தூக்கினேன். அதைத்தான் இப்போது கேட்கிறேன்.

வரலாறு என்று போட்டிருக்கும் இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். "நம் முன்னோர் 1834-ல் கூலிகளாக வந்தார்கள்" என்று தொடங்குகிறது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளின் வரவு அந்த வருஷம் தொடங்கியது சரிதான். ஆனால் தமிழர் கதை அதற்கு நூறு வருஷம் முந்தியது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1735-ல் கவர்னராக வந்த லா பூர்தொனே நாளிலேயே, புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். போர்ட் லூயியை எழுப்பிய கைகளில் அவர்கள் கைகளும் உண்டு. தமிழரை அன்று மலபார் என்றார்கள், அவர்கள் குடியிருந்த பகுதிக்குக் கான் தே மலபார், அதாவது மலபார் முகாம், என்றே பெயர். நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்ததை நம் கோவில் திரை தப்பாகச் சொல்கிறது. பிள்ளைகள் திரையைத்தான் நம்புவார்கள்.

அப்புறம் பெயர்கள். எனக்கு ரொம்பச் சொல்ல வேண்டியது இதில்தான் இருக்கிறது.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற வருஷம் என் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டு அங்கே போனேன். எங்கள் குடும்பப்பெயரைச் சொன்னேன், கிடைக்கவில்லை. அவர் பெயர் குப்பன். பதிவு எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியதில் அது கூப்பென் ஆகிவிட்டது. முருகன் மூர்கென் ஆனதும், வீரப்பன் வீரப்பென் ஆனதும் இப்படித்தான். அதுவும் ஒரு கப்பலுக்கு ஒரு மாதிரி, ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு மாதிரி. அடுத்த தலைமுறையில் அப்பா பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகிவிட்டது. அதனால்தான் எங்கள் பெரியப்பா பிள்ளைகளுக்கு ஒரு குடும்பப்பெயர், எங்களுக்கு வேறொன்று. மூன்றாவது முறை போனபோதுதான் ஒரு அம்மா பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். ஒரு எண், கப்பலின் பெயர், திருச்சிராப்பள்ளி ஜில்லா, வாய்விட்டுப் படித்தால் மட்டும் புரிகிற மாதிரி எழுதிய ஒரு ஊர்ப் பெயர், உயரம் ஐந்தடி மூன்றங்குலம், இடது புருவத்தில் தழும்பு. என் அப்பாவுக்கு அந்த உயரம்தான். அந்தக் காகிதத்தின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

1860-களிலிருந்து எடுத்த கூலிகளின் புகைப்படங்களும் அங்கே உண்டு. நம் திரையில் "நம் முன்னோர்" என்று போட்டிருக்கும் படமோ இணையத்தில் எங்கோ எடுத்தது. அதில் இருப்பவர்கள் இந்தத் தீவுக்கு வந்தவர்களே இல்லை. நம் குடும்பங்களுக்கு உரிய முகங்கள் பஸ் போகும் தூரத்தில் இருக்கும்போது யாரோ ஒருவருடைய தாத்தாவை ஏன் நம் சுவரில் வைக்க வேண்டும்? முறையாக அனுமதி கேட்டு, கட்டணம் இருந்தால் கட்டி, நம் கோவில் குடும்பங்களின் பதிவுகளை வாங்கலாம். ஒரே ஆளின் பெயரைத் தமிழிலும், அவருக்கு எழுதப்பட்ட எல்லா எழுத்துக்கூட்டலிலும் ஒன்றாக இணைத்து வைத்தால், எதை அடித்தாலும் அவர் வந்து நிற்பார். இதை மரப்பலகை செய்ய முடியாது, திரை செய்யும்.

பெல் வூ ஹரேல் தோட்டத்தில் 1943 செப்டம்பர் 27 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த அஞ்சலை குப்பனைப் பற்றித் திரையில் ஒரு வரி இல்லை. கூலி கேட்டுப் போராடிய தொழிலாளர்களில் ஒருத்தி, கர்ப்பிணி. அவளோடு இன்னும் மூன்று பேர். அவள் பெயரில் விளையாட்டரங்கமே இருக்கிறது, பிள்ளைகள் அங்கே பந்து விளையாடப் போகிறார்கள். அஞ்சலை என்பது ஒரு பெண்ணின் பெயர் என்றே என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. 100 ரூபாய் நோட்டில் இருக்கும், வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ரங்கநாதன் சீனிவாசனும் அப்படித்தான், தினமும் கையில் பிடிக்கிறோம், யார் என்று கேட்டால் முழிக்கிறோம். சாதனையாளர் பக்கத்தில் இவர்களுக்கும், லோரியாக்களுக்கும், சமையல் கொட்டகைப் பெண்களுக்கும் ஒரே அளவு இடம் வேண்டும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு, அது சொந்த அனுபவத்தில் வந்தது. 2003-ல் நம் சங்கம் பெரியவர்கள் 27 பேரின் பேச்சைப் பதிவு செய்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களில் நான் ஒருத்தி. லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் எப்படி இருந்தார்கள், மேற்பார்வை பார்க்கும் சிர்தார் விடியற்காலையில் வந்து எப்படிக் கதவைத் தட்டுவான், கரோல் புயலன்று யார் வீட்டில் எத்தனை பேர் ஒண்டிக்கொண்டார்கள், நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் இருந்தன. பாதி தமிழில், பாதி இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், சிலர் ஒரே வாக்கியத்தில் இரண்டிலும். என் அம்மா இருபது நிமிஷம் பேசினார், ஒரு கும்மியும் பாடினார். எல்லாவற்றையும் குறுந்தகடுகளில் போட்டு அலுவலக அலமாரியில் வைத்தோம். ஒரே பிரதி. பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் அடிப்பாகம் வெளுத்துப் போய், ஒன்றுகூட ஓடவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அந்தக் குரல் எனக்கு எங்கேயும் கிடைக்காது. அந்த 27 பேரில் இன்று நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

இப்போது திரையில் இருப்பவற்றுக்கு எத்தனை பிரதி என்று செயலாளரைக் கேட்டேன். "எல்லாம் க்ளவுடில் இருக்கிறது மிஸ்" என்றார். யாருடைய க்ளவுட்? வருஷாவருஷம் கட்டணம் கட்டும் வரை கம்பெனியின் க்ளவுட். ஒரு வருஷம் கட்டாவிட்டால் என்ன ஆகும், கம்பெனியே மூடிவிட்டால் நம் படங்களும் பெயர்களும் நம் கைக்கு வருமா என்றால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் படங்களும் வீட்டாரைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருப்பதை நினைவுபடுத்துகிறேன்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

பலகைகளை இந்த வாரமே சாமான் அறையிலிருந்து வெளியே எடுங்கள். கரையானுக்கு மருந்து அடித்து, காயவைத்து, வர்ற தைப்பூசத்துக்கு முன் தெற்குச் சுவரில் மாட்டுங்கள். அங்கே இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன். எழுத்தின் மேல் புது வண்ணம் மட்டும் பூசாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு பலகையையும் நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி, சுருக்காத பெரிய கோப்பாகப் படம் எடுங்கள். அந்தக் கோப்புகளுக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று கோவிலில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஒரு உறுப்பினர் வீட்டில், ஒன்று இணையத்தில். வருஷத்துக்கு ஒரு முறை மூன்றும் திறக்கின்றனவா என்று பார்த்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள்.

திரையில் தமிழ் விசைப்பலகையும் உடையாத தமிழ் எழுத்தும் வரும் வரை கம்பெனிக்கு மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதில் உள்ள பெயர், படம், குரல் எல்லாம் சங்கத்தின் சொத்து, கேட்டதும் எந்தக் கணினியிலும் திறக்கிற வடிவில் திருப்பித் தரவேண்டும் என்ற வரி இல்லையென்றால், சேர்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும்.

எது திரைக்குப் போகும் என்று முடிவு செய்ய ஒரு தனிக் குழு போடுங்கள், பாதிப் பேர் பெண்கள், இரண்டு பேராவது முப்பது வயதுக்குள். நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்லும் பக்கம் கடைசியில் வரட்டும், விளம்பரம் தானாக விரிவதை நிறுத்துங்கள். சிறுவர்களின் படத்துக்கு வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திரையை ஓரடி கீழே இறக்குங்கள், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இப்போது எட்டவில்லை.

மிச்சம் இருக்கும் நான்கு பெரியவர்களின் குரலை இந்த மாதமே பதிவு செய்யத் தொடங்குங்கள். தமிழோ கிரியோலோ, அவர்கள் வாயில் எது வருகிறதோ அதிலேயே பேசட்டும். மைக்கைப் பிடிக்க நான் வருகிறேன்.

ஆறு வாரத்துக்குள் இதற்காக ஒரு சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள். பலகைகளைக் கழற்ற முடிவு எடுத்த கூட்டத்தின் குறிப்பை அங்கே வாசியுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் பழைய மாணவர்கள் ஐந்து பேரோடு வருகிறேன், துணியும் பிரஷும் நாங்களே கொண்டுவருவோம். மூன்றாவது பலகையை மட்டும் முதலில் வெளியே எடுத்துத் துடைத்து, அக்கா வரும்போது வராந்தாவில் ஒரு நாற்காலியில் நிறுத்தி வைக்க வேண்டும். சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்தக் கோவில் வராந்தாவில் தமிழ் படித்து, 34 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியை